இரண்டாவது விஷயம்

ஊசி போடுகிற நாளில் ஒவ்வொரு தாயிடமும் நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று தமிழரசிக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இன்றைக்குப் போட்டது என்ன ஊசி. அதனால் என்ன வரலாம், வந்தால் என்ன செய்வது. அடுத்து எப்போது வர வேண்டும். அட்டையைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். இருபது வருஷமாக இதைச் சொல்லி வருகிறவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மராத்தியில் கடகடவென்று ஒப்பிப்பாள். ஜூலை மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் அந்த இரண்டாவது விஷயத்தை விட்டுவிட்டாள். உள்ளதைச் சொன்னால், அன்றைக்கு மட்டும் விட்டாள் என்று இல்லை. கூட்டம் அதிகமான நாட்களில் எல்லாம் முதலில் உதிர்வது அந்த இரண்டாவதுதான்.

புனேயை ஒட்டிய கசார்வாடியில், பழைய மும்பை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரிசையாகப் பட்டறைகள். அவற்றுக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டி, 'சால்' என்கிற வரிசைக் குடியிருப்பில் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பங்கள் நாற்பது இருந்தன. ஆளுக்கு ஓர் அறை, பொதுக் குழாய், தகரக் கூரை. ஆண்கள் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பிலும் லேத்திலும் வேலை செய்தார்கள். ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன தவாகானாதான் அந்தக் குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் தீபாவும் மற்ற நர்ஸும் மராத்தி பேசுகிறவர்கள். தமிழரசி ஒருத்திதான் தமிழ். பக்கத்துக் கட்கியில் பிறந்தவள். அப்பா வெடிமருந்து ஃபாக்டரியில் இருந்தார். படித்தது முழுக்க மராத்தி. வீட்டில் பேசிப் பேசி வந்த வேலூர்த் தமிழ்தான் அவளுடையது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இருந்தாலும் அந்தச் சால்காரர்களைப் பொறுத்தவரை தவாகானாவின் வாய் அவள்தான்.

அந்தப் புதன்கிழமை மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூட இருக்க வேண்டிய நர்ஸ் லீவு. முப்பத்தொரு குழந்தைகள். தட்டம்மை ஊசி மருந்தைக் கலந்து வைத்தால் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். கூரையில் மழை விழும் சத்தத்துக்கு மேல் குழந்தைகளின் அழுகை. பவுன் தன் மகன் ஜெபினை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பதினேழு மாதம். அன்றைக்கு அவனுக்கு இரண்டு ஊசி. அம்மைக்கு ஒன்று, அது இரண்டாவது தவணை. இன்னொன்று முத்தடுப்பூசி.

"ரெண்டு ஊசி ஒண்ணா போட்டா ஏதாவது ஆவுமா சிஸ்டர்?" என்று பவுன் கேட்டாள்.

"ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேன்ல?"

பவுன் சிரித்தாள். அந்தப் பதிலே அவளுக்குப் போதுமாக இருந்தது. தமிழரசி நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து அவள் கையில் வைத்துவிட்டு, அடுத்த குழந்தையைக் கூப்பிட்டாள்.

மாத்திரை எதற்கு என்று பவுனுக்குத் தெரியவில்லை. சத்து மாத்திரை என்று நினைத்து அலமாரியில் வைத்தாள். மாலையில் பிள்ளையின் உடம்பு சுட்டது. ஒன்றும் ஆகாது என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறாரே என்று துணியைப் போர்த்திப் படுக்க வைத்தாள். ஏழு மணிக்குக் கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. பவுன் போட்ட கூச்சலில் சால் முழுக்கத் திரண்டுவிட்டது. ஒருத்தி கையில் சாவிக்கொத்தைத் திணித்தாள், ஒருத்தி வாய்க்குள் கரண்டியை நுழைக்கப் பார்த்தாள். பவுனுடைய கொழுந்தன் ஆண்டனி பைக்கை எடுத்தான். பவுன் பின்னால் உட்கார்ந்து, மழையில், பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு பிம்ப்ரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். போய்ச் சேர்வதற்குள் இழுப்பு நின்றுவிட்டது. ஆனால் அந்த இருபது நிமிஷமும் பிள்ளை செத்துவிட்டான் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் தமிழரசி வார்டுக்கு ஓடினாள். ஜெபின் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். காய்ச்சல் வேகத்தில் வந்த வலிப்பு, மூளைக்கு ஒரு கெடுதலும் இல்லை, மறுபடியும் வருமோ என்று பயப்பட வேண்டாம் என்று அங்கிருந்த டாக்டர் சொல்லியிருந்தார். ஹிந்தியில் சொல்லியிருந்தார். பவுனுக்குப் பாதிதான் புரிந்திருந்தது.

பவுன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேசியது அவள் புருஷன் சவரிமுத்து. பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவன். அதிர்ந்து பேசாத ஆள்.

"இது வரும்னு உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்?"

"எப்பவாவது வரும் தம்பி. ரொம்ப அபூர்வம். சில ஆயிரம் பிள்ளைங்கள்ல ஒண்ணுக்கு வரும்."

"அந்த ஒண்ணு எங்க வீட்டுலதான இருக்கு."

தமிழரசி ஜெபினின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா ஊசி போடாம ஓடியிருப்போம்னு நெனச்சீங்களா?" என்றான் அவன். "போட்டிருப்போம் சிஸ்டர். நீங்க சொன்னா போட்டிருப்போம். காய்ச்சல் வரும், மாத்திரை குடுன்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான?"

அவன் கத்தியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் தீபா முறைப்படி மேலே அறிக்கை அனுப்பினார். தமிழரசி இரண்டாவது விஷயத்தைச் சொல்லவில்லை என்பது அதில் இல்லை. அதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. அக்டோபரில் பதில் வந்தது. ஒரே ஒரு ஆங்கில வரி. எதிர்பார்க்கப்பட்ட பின்விளைவு, பிள்ளை முழுதாகக் குணமடைந்துவிட்டது என்பது அதன் அர்த்தம்.

"இதை அவங்ககிட்டச் சொல்லட்டுமா மேடம்?" என்று தமிழரசி மராத்தியில் கேட்டாள்.

"சொல்லுங்க. நல்ல சேதிதானே. ஆனா காகிதத்தைக் கொடுக்க வேண்டாம்."

தமிழரசிக்கும் நல்ல சேதியாகத்தான் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர்கள் திரும்பும் நேரம் பார்த்துப் போனாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"ரிப்போர்ட் வந்துடுச்சு தம்பி. பெரிய டாக்டருங்க பார்த்துட்டாங்க. இது வரும்னு தெரிஞ்ச விஷயம்தானாம். புதுசா ஒண்ணும் இல்லையாம்."

சொல்லி முடிக்கும்போதே அது எப்படி விழுந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. சவரிமுத்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"வரும்னு தெரிஞ்சேதான் போட்டிருக்கீங்க."

"அப்படி இல்ல தம்பி. தெரிஞ்சதுன்னா, அதாவது..." அவளுக்கு வார்த்தை வரவில்லை. மராத்தியில் வந்தது, ஹிந்தியில் வந்தது. தமிழில் அடுப்படிக்கும் கடைத்தெருவுக்கும் வேண்டியதெல்லாம் அவளிடம் இருந்தது. இதற்கு வேண்டிய சொல் இல்லை. "அதாவது, பயப்படுற மாதிரி இல்லைன்னு அர்த்தம்."

"நாங்க பயந்துட்டமே சிஸ்டர்," என்றாள் பவுன் உள்ளேயிருந்து. அன்றைக்கு அவள் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

'தெரிஞ்சே போட்டாங்களாம்.' இரண்டு நாளில் அது சால் முழுக்கப் பரவிவிட்டது. அதற்கு மேல், யார் அனுப்பினார்களோ, ஒரு குரல் பதிவு போன் போனாகப் போயிற்று. ஓர் ஆண் குரல். ஊசிகளைப் பற்றி இல்லாததையும் பொல்லாததையும் சொன்னது. ஒரு வீட்டு வாசலில் தமிழரசியை நிறுத்தி அதைக் கேட்க வைத்தார்கள். எவ்வளவு அழகான தமிழ்! தடுமாற்றமே இல்லை. ஒரு சந்தேகம் கிடையாது, ஒரு 'இருக்கலாம்' கிடையாது. அதில் முக்கால்வாசி பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பொய்யையும் மறுக்க அவளுக்கு நாலு வாக்கியம் வேண்டியிருந்தது. இரண்டாவது வாக்கியத்திலேயே, "சரி சிஸ்டர், வேலை கெடக்கு" என்று கதவு சாத்திக்கொண்டது. நவம்பரில் அந்தச் சாலிலிருந்து ஊசிக்கு வந்த குழந்தைகள் இரண்டு. டிசம்பரில் ஒன்றுமில்லை.

சவரிமுத்துவின் அறைக்கு அடுத்த அறைதான் ஆண்டனியுடையது. ஆண்டனியின் மனைவி சோனியா புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், பத்தாவது வரை மராத்தியில் படித்தவள். அவர்களுக்கு மெர்சி என்று ஒரு பெண் குழந்தை. டிசம்பர் நடுவில் அவளுக்கு ஒன்பது மாதம் முடிந்தது. முதல் அம்மை ஊசி போட வேண்டிய வயது. தமிழரசி நாலு தடவை போனாள். இரண்டு தடவை ஆண்டனி வாசலை மறித்து நின்றான். "ஒரு பிள்ளைய பைக்ல தூக்கிட்டு ஓடினது போதும் சிஸ்டர்," என்றான். அவன் கண்ணில் அந்த மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவை சோனியா மட்டும் இருந்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலாவது தடவை குழாயடியில் பிடித்தாள். சோனியா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை அவர் சாப்பாட்டு டப்பா எடுத்துட்டு வேலைக்குப் போனதும் வரேன்க்கா," என்றாள்.

சொன்னபடி வந்தாள். தவாகானாவில் அன்றைக்குக் கூட்டமில்லை. மெர்சி மஞ்சள் ஸ்வெட்டரில், தமிழரசியின் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள். இந்த ஒருத்திக்குப் போட்டு, ஒன்றும் ஆகாமல் அவள் திரும்பிப் போனால், சால் மெல்லத் திறக்கும் என்று நினைத்தாள்.

"அக்கா, ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க," என்றாள் சோனியா. "ஃபிட்ஸ் வராதுன்னு சொல்லுங்க. அது போதும். போட்டுட்டுப் போயிடுறேன். அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

வராது. மூன்றே எழுத்து. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் அது உண்மையும்கூட. ஜூலையில் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பாள். பேனாவைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, தமிழரசி அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"சோனியா, இந்த ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு லேசா காய்ச்சல் வரலாம். கொஞ்சம் பொரிப்பொரியா தடிக்கலாம். ரெண்டு நாள்ல போயிடும். ஃபிட்ஸு, சில ஆயிரத்துல ஒரு பிள்ளைக்கு வரும். வந்தாலும் அதால கெடுதல் இல்லை. என்ன பண்ணணும்னு நான் சொல்றேன். ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதுவும் வைக்கக் கூடாது. என் நம்பர் இருக்கு. எப்ப கூப்பிட்டாலும் வருவேன். அம்மை வந்தா இதைவிட ரொம்ப மோசம்மா. அதுதான் நிஜமா பயப்பட வேண்டியது."

அத்தனையும் சரியாகச் சொன்னாள். எதையும் விடவில்லை. திக்கவும் இல்லை.

"அப்ப வரலாம்," என்றாள் சோனியா.

"வரலாம். ஆனா..."

"நீங்களே வரலாம்னு சொல்றீங்க."

"நிஜத்தச் சொல்றேன்மா. போன தடவை சொல்லல. அதான் தப்பாப் போச்சு."

சோனியா குழந்தையின் கையிலிருந்து பேனாவை மெல்ல விடுவித்து மேசையில் வைத்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அவருக்குத் தெரியாம கூட்டிட்டு வந்தவ நான்தான்க்கா. நான் எங்க போவேன்?" என்றாள். எழுந்தாள். தமிழரசி அவள் முழங்கையைப் பிடித்தாள், பிறகு விட்டாள். பிடித்து வைத்து ஊசி போட முடியாது. மஞ்சள் ஸ்வெட்டர் அம்மாவின் தோளுக்கு மேலாக இவளைப் பார்த்துக்கொண்டே வாசலைத் தாண்டிப் போயிற்று.

டாக்டர் தீபாவிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க செஞ்சதுதான் சரி," என்றார். தமிழரசி பதிவேட்டில் மெர்சியின் கட்டத்தை வெறுமையாகவே விட்டு மூடினாள்.

ஜனவரி இரண்டாவது வாரத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துச் சாலில் மூன்று குழந்தைகளுக்கு அம்மை போட்டது. பத்து நாளில் இந்தப் பக்கம் வந்தது. மெர்சிக்குக் காய்ச்சல், இருமல், கண் இரண்டும் சிவந்து ஒழுகியது. நாலாம் நாள் காதோரத்தில் தொடங்கி முகமெல்லாம் சிவப்பாகப் பூத்தது. மணல்வாரிதானே, மூன்று தண்ணீர் ஊற்றினால் இறங்கிவிடும் என்று சாலில் சொன்னார்கள். யாரும் தமிழரசிக்குச் சொல்லவில்லை. அவளே கேள்விப்பட்டுப் போனபோது குழந்தையின் விலா உள்வாங்கி உள்வாங்கி ஏறியது. மூக்கு விடைத்தது.

"ரிக்ஷா கூப்பிடு," என்று ஆண்டனியிடம் கத்தினாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் ஓடினான்.

சளி நுரையீரலில் இறங்கிவிட்டது. பிம்ப்ரி ஆஸ்பத்திரியில் வைட்டமின் கொடுத்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். தமிழரசி தினமும் வேலை முடிந்ததும் வார்டுக்குப் போய் நின்றாள். அங்கே அவள் நர்ஸ் இல்லை. மற்றவர்களைப் போலக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற பொம்பளை. உள்ளே வேலை செய்கிற கைகளைப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே நடந்தது. செய்ய வேண்டியது எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் சோனியா அவள் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாமேக்கா," என்றாள். "பவுனக்காவுக்குச் சொன்னீங்கள்ல? எனக்கும் ஒண்ணு சொல்லியிருக்கலாம்ல?"

தமிழரசி அவள் கையைப் பற்றினாள். சோனியா கையை இழுத்துக்கொள்ளவில்லை, பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை. கட்டைபோல் கிடந்தது.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு மெர்சி இறந்துபோனாள். கல்லறைத் தோட்டத்துக்குச் சால் முழுக்க வந்தது. சின்னப் பெட்டி என்பதால் ஆண்டனி ஒருவனே இரண்டு கையாலும் ஏந்தி வந்தான். தமிழரசி கடைசி வரிசையில் நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சவரிமுத்து மட்டும் திரும்பும்போது அவள் அருகில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் சாலிலேயே முகாம் போட்டார்கள். வீடு வீடாகக் கூப்பிடத் தேவையிருக்கவில்லை. ஒன்பது மணிக்கு முன்னாலேயே இடுப்பில் பிள்ளைகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். பகல் சாய்வதற்குள் இருபத்தாறு ஊசி. ஒவ்வொருத்தியிடமும் தமிழரசி நிறுத்தி, நிதானமாக, நான்கு விஷயங்களையும் சொன்னாள். காய்ச்சல் வரலாம், தடிக்கலாம், அபூர்வமாக வலிப்பு வரலாம், வந்தால் இப்படிப் படுக்க வைக்க வேண்டும், இந்த மாத்திரை இதற்கு. அவர்கள் தலையாட்டினார்கள். பார்வை சோனியாவின் மூடிய கதவில் இருந்தது. ஒருத்தி, "பேசாதீங்கக்கா, சீக்கிரம் போடுங்க," என்றாள், கெஞ்சுகிற குரலில். அவர்கள் வந்தது நம்பியல்ல. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒன்றுக்குப் பயந்து விலகிப் போனவர்கள், இப்போது இன்னொன்றுக்குப் பயந்து வந்திருந்தார்கள். தன் சொல்லுக்கு இரண்டிலும் இடமில்லை என்று தமிழரசிக்குத் தெரிந்தது. தெரிந்தும், அடுத்தவளிடம் முதலிலிருந்து தொடங்கினாள்.

கடைசியில் பவுன் வந்தாள். கையைப் பிடித்தபடி ஜெபின். இரண்டு வயது நெருங்கியிருந்தான், ஒரு காலில் மட்டும் செருப்பு. ஜூலைக்குப் பிறகு அவள் தமிழரசியின் எதிரில் வந்து நிற்பது அதுவே முதல் தடவை.

"இவனுக்கும் ஒண்ணு போட்டுடுங்க சிஸ்டர்."

தமிழரசி அட்டையை வாங்கிப் பார்த்தாள். "இவனுக்கு அம்மை ஊசி ரெண்டும் ஆயிடுச்சு பவுனு. இனிமே வேணாம்."

"எப்ப?"

"ஒன்பது மாசத்துல ஒண்ணு. அப்புறம் அன்னைக்கு, மழையில."

பவுன் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் படிக்க வராது. ஜெபினும் மெர்சியும் ஒரே பாயில் உருண்டவர்கள், ஒரே தட்டில் சோறு அளைந்தவர்கள். மெர்சி காய்ச்சலில் கிடந்த அந்த நாலு நாளும் அவன் அந்தக் குழந்தையின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

"அதனாலதான் இவனுக்கு வரலியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா."

பவுனின் முகத்தில் ஏதோ உடைந்தது. பிள்ளையின் தலையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். மூடியிருந்த கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, தமிழரசியின் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"சிஸ்டர், இதைச் சோனியாகிட்டச் சொல்லிடாதீங்க."

தமிழரசி தலையசைத்தாள். அட்டையை மடித்து அவளிடம் கொடுத்தாள். "பத்திரமா வெச்சுக்கோ. அஞ்சு வயசுல இன்னொரு ஊசி இருக்கு," என்றாள். பவுன் அட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, மகனை இடுப்பில் ஏற்றி, சோனியாவின் வாசல் வழியாகப் போகாமல் குழாயடியைச் சுற்றிக்கொண்டு போனாள்.